மூன்று புஷ்ஷும் ஒரு மவுண்டிங்கும்

சத்தம் முதலில் சேற்றில்தான் கேட்டது. முந்திய மாரியில் முத்தையன்கட்டுப் பக்கத்து வயலுக்கு உரமூடை ஏற்றிக்கொண்டு போகையில், முன் சில்லுகளை அவற்றின் ஷாஃப்ட்டோடு இணைக்கும் ஹப்பைப் பூட்டி, நான்கு சில்லு இழுவையைப் போட்டுக் கிளச்சை விட்டதும் காலுக்குக் கீழே 'டொக்' என்றது. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தபோது இன்னொரு 'டொக்'. சேற்றைத் தாண்டி ஹப்பை விடுவித்ததும் சத்தமும் அடங்கியது. உரம் வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நானும் அதை மறந்துவிட்டேன்.

வைகாசி அளவில் அது தார் வீதிக்கும் வந்துவிட்டது. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் போகும் ஏ34 வீதியில் மதகுகளின் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம், இழுவை எதுவும் போடாமலே, முன்பக்கத்தில் யாரோ ஒரு பாரத்தைத் தூக்கிப் போட்டதுபோல் விழும். நகரத்துக் கராஜ் ஒன்றில் காட்டினேன். ஷொக் அப்சோபர் போய்விட்டது என்றார்கள். மாற்றினோம், சத்தம் போகவில்லை. பிறகு, பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜொயின்ட் என்றார்கள். அதையும் மாற்றினோம். இரண்டு முறை காசு கொடுத்து, கொண்டுபோன சத்தத்தையே திருப்பிக் கொண்டுவந்த பிறகு, மூன்றாவது முறை நானே படுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

வாகனம் 1990களின் நடுப்பகுதியில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். 3எல் டீசல் இயந்திரம், 2,779 சிசி. டர்போ கிடையாது, கணினி கிடையாது. முன்பக்கம் இலை வில்லுக்குப் பதிலாக டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி உள்ள வகை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைக்காலத்தில் இப்படியான கெப்பை விற்றவர்கள் அதே விலைக்கு இன்னொன்றை வாங்க முடியாமல் திண்டாடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். எனவே எங்கள் வீட்டில் விற்கும் பேச்சு எழுவதில்லை.

சேற்றில் கேட்ட அன்றே கொஞ்சம் யோசித்திருந்தால் அந்தச் சத்தமே வழி காட்டியிருக்கும். பின் ஷாஃப்ட்டின் ஜொயின்ட் தேய்ந்திருந்தால் சாதாரண ஓட்டத்திலும் வண்டி எடுக்கும்போது தட்டியிருக்க வேண்டும். எங்களுடையது அப்படித் தட்டவில்லை. ஹப் பூட்டியிருந்தால்தான் தட்டியது. ஹப் விடுபட்டிருக்கும்போது, இரண்டு முன் சில்லுகளுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் முன் டிஃபரன்ஷியலுக்கு, சுருக்கமாக டிஃபுக்கு, முறுக்கு எதுவும் போவதில்லை. அதாவது முறுக்கு ஏறியதும் அசையக்கூடாத ஏதோ ஒன்று முன்பக்கத்தில் அசைகிறது. பிறகு அந்த அசைவு கூடிக் கூடி, முறுக்கே இல்லாமல், வெறும் குலுக்கலுக்கே ஆடத் தொடங்கியிருக்கிறது.

முன் அச்சு முழு இரும்பாக இருக்கும் பழைய கெப்களில் டிஃபும் அச்சோடு சேர்ந்து இலை வில்லில் ஏறி இறங்கும். டார்ஷன் பார் வகையில் அப்படியில்லை. சில்லுகள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்க, டிஃப் வண்டியின் அடிச்சட்டமான செசியில் மூன்று இடங்களில் தொங்குகிறது. அந்த மூன்று இடத்திலும் இரும்பும் இரும்பும் முட்டாமல் ஒவ்வொரு புஷ் இருக்கிறது. வெளியே ஓர் இரும்பு உறை, உள்ளே போல்ட் போகும் சிறு குழாய், இரண்டுக்கும் நடுவே இரண்டிலும் ஒட்டிய இறப்பர். லோ என்ற மெதுவான இழுவையில் போட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் முறுக்கைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸ் அதை இன்னும் 2.28 மடங்காக்கி அனுப்புகிறது. சில்லு சேற்றில் முன்னே உருள முயலும்போது டிஃப் எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடிப்பது இந்த மூன்று இறப்பர்த் துண்டுகள்தான்.

நிச்சயப்படுத்த அலவாங்கு போதும். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, டிஃபுக்கும் செசியின் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் அலவாங்கை நுழைத்து மெதுவாக நெம்பினேன். நல்ல புஷ் என்றால் கொஞ்சம் முக்கி எதிர்க்கும், கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வரும். எங்களுடையது எதிர்ப்பே காட்டாமல் ஒரு விரல் தடிப்புக்கு எழுந்தது. கையை விட்டதும் 'டொக்' என்று விழுந்தது. ஏழு மாதமாகத் தேடிய சத்தம் கைக்குள் அகப்பட்டுவிட்டது. மருமகனைக் கூப்பிட்டு இன்னொரு முறை நெம்பிக் காட்டினேன். "மாமா, ஷொக் அப்சோபருக்குக் கொடுத்த காசு?" என்று மட்டும் கேட்டான்.

படுத்தது படுத்ததுதான் என்று, கியர்பொக்ஸைத் தாங்கும் இறப்பரான கியர்பொக்ஸ் மவுண்டிங்கையும் பார்த்தேன். வண்டி எடுக்கும்போதும் காலை எடுக்கும்போதும் கியர் லீவர் முன்னும் பின்னும் தலையாட்டினால் அங்கே சந்தேகப்பட வேண்டும். எங்களுடையது பல வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. அதன் குணம் அப்படி என்று நினைத்திருந்தேன்.

பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தெரிந்த கடைக்காரர் பஸ்ஸில் பொதியாகப் போட்டுவிட, மாங்குளம் சந்தியில் போய் இறக்கிக்கொண்டேன். பொலியூரிதேன் புஷ் போடுங்கள், ஒயில் பட்டாலும் ஒன்றும் செய்யாது, ஆயுளுக்கும் கிடக்கும் என்று அவர் ஆசை காட்டினார். உண்மைதான். ஆனால் அது விறைப்பானது. ஏற்கெனவே டீசல் அதிர்வில் பல்லெல்லாம் நடுங்கும் கெப்புக்குள் இன்னும் கொஞ்சம் அதிர்வைக் காசு கொடுத்து ஏற்ற எனக்கு விருப்பமில்லை. இறப்பரையே கேட்டேன்.

ஆவணிக் கடைசி. மண் காய்ந்து இறுகியிருந்தது. காலபோக விதைப்புக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. முற்றத்துப் பாலை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஜக்குக்குக் கீழே அகலமான முதிரைப் பலகை வைத்துத் தூக்கினேன். எங்கள் செம்மண் காய்ந்திருக்கும்போது சீமெந்துபோல் தோன்றும். ஒன்றரைத் தொன் வண்டியின் பாரம் ஜக்கின் சிறிய அடியில் இறங்கினால் அது பொய் என்று தெரியும். செசியின் இரண்டு பக்கமும் தாங்கி வைத்து, அதன் மேல் வண்டியை இறக்கி, தோளால் இடித்துப் பார்த்த பிறகுதான் கீழே போனேன். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பவர்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை, சாவியை வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

கழற்றும் வேலையில் அதிசயம் எதுவும் இல்லை. முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு நான்கு நட், இரண்டு பக்கச் சில்லு ஷாஃப்ட்டுகளுக்கும் ஆறு ஆறு நட், எல்லாம் 14 ஸ்பனர். பிரிக்குமுன் ஷாஃப்ட்டிலும் ஃபிளாஞ்சிலும் குறுக்காக ஓர் உளிக்கோடு போட்டுக்கொண்டேன். திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் பொருந்த வேண்டும். நட்டுகளை மருமகன் இடம் வாரியாகச் சிரட்டைகளில் போட்டு, ஒவ்வொரு சிரட்டையிலும் கரித்துண்டால் பெயர் எழுதினான். நெருக்கமான இடத்தில் இருந்த இரண்டு நட்டுகள் மட்டும் முதல் நாள் மாலை டீசலில் ஊறிக் காலையில்தான் மனம் மாறின.

இறக்குவதற்கு முன் கியர் ஒயிலை வடிக்கத் திறந்தேன். அங்கேதான் இந்த வேலை வேறு வேலையாக மாறியது. சட்டியில் விழுந்தது ஒயில் இல்லை. கடைத் தேநீர். பால் கூடுதலாகப் போட்ட, சீனி போட்டுக் கலக்கிய, நுரை கட்டிய தேநீர். டிஃபுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, அதுவும் ஒரு நாள் இரண்டு நாளில் போன தண்ணீர் இல்லை.

டிஃபை ஜக்கில் தாங்கி, மூன்று போல்டையும் உருவி, மருமகனும் நானும் சேர்ந்து மெதுவாக இறக்கிப் படங்கில் வைத்தோம். ஏறத்தாழ ஓர் உரமூடைப் பாரம். வெயிலில் புரட்டிப் பார்த்தபோது கதை முழுவதும் அதன் உடம்பிலேயே எழுதியிருந்தது. ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஒயிலைத் தடுக்கும் பக்கத்துச் சீல்களில் ஒன்றிலிருந்து ஒயில் கசிந்து, உறையின் வயிற்றோடு வழிந்து, அந்தப் பக்கத்துப் புஷ்ஷின் மேல் வடிந்திருக்கிறது. செம்மண் தூசி அந்த வழியிலேயே ஒட்டிப் பிடித்து, தடித்த கரிய கோடாகிக் கிடந்தது. புஷ்ஷின் இறப்பரைத் தொட்டுப் பார்த்தேன். தேநீரில் தோய்த்த ரஸ்க்போல உப்பி, உறைக்கு வெளியே பிதுங்கியிருந்தது. பெருவிரல் நகத்தால் அழுத்தினால் நகத்தின் வடிவம் அப்படியே தங்கியது. விரலில் கரி ஒட்டியது. முகர்ந்தால் கியர் ஒயிலின் கந்தக வாடை. உள்குழாய் நடுவில் இல்லை, இறப்பரைக் கிழித்துக்கொண்டு ஒரு பக்கச் சுவரில் போய்ச் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கத்துப் புஷ் ஒயில் படாதது. அது வயதுக்கேற்றபடி வெடித்திருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது.

மெக்கானிக் அண்ணை வந்தது அப்போதுதான். அவர் இப்போது தொழில் செய்வதில்லை. கண்ணும் முழங்காலும் விடுவதில்லை. ஆனால் யாருடைய முற்றத்திலாவது வண்டி பிரிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் சைக்கிளில் வந்துவிடுவார். கதிரையில் உட்கார்ந்து, பிளேன்டீயைக் குடித்து முடித்து, சட்டியில் இருந்த பாலொயிலைப் பார்த்தார்.

"சீலை மாற்றிவிடுவாய். சீல் ஏன் கசிந்தது தம்பி?"

"பழசு, அண்ணை."

"பழசு என்றால் ஒயில் வெளியே வரும். தண்ணீர் எப்படி உள்ளே போனது? இது எந்த வழியால் மூச்சு விடுகிறது என்று பார்த்தாயா?"

பார்க்கவில்லை. டிஃபின் மேற்புறத்தில் சுண்டுவிரல் அளவில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது. இழுவையில் ஓடி டிஃப் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து அந்த வழியால் வெளியேறும், ஆறும்போது திரும்ப உள்ளே வரும். மூடியைக் கழற்றிக் கம்பியை விட்டேன். அரை அங்குலம் போய் நின்றுவிட்டது. தட்டினால் செம்மண் உதிர்ந்தது. குளவி ஒன்று உள்ளே மண்கூடு கட்டியிருக்கிறது. அதன் மேல் சேறு படிந்து சுட்ட செங்கல்லாகியிருக்கிறது.

பிறகு கணக்குத் தானாகப் பொருந்தியது. சேற்றில் லோவில் இழுத்து டிஃப் கொதிக்கும். மூச்சு விட வழியில்லாத காற்று சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஒயிலோடு வெளியே வரும். அந்தச் சூட்டோடு வாய்க்கால் தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, வந்த வழியாலேயே தண்ணீரை உறிஞ்சும். அடுத்த முறை இரண்டும் கலந்து இறப்பரில் வடியும். நான் புது இறப்பரைப் போட்டுச் சீலையும் மாற்றி அனுப்பியிருந்தால், இரண்டு மாரியில் இதே முற்றத்தில் இதே சட்டியை வைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

உள்ளே பல்சில்லுகளை டீசலால் இரண்டு முறை கழுவிக் கையால் சுழற்றிப் பார்த்தோம். பெயரிங்குகளில் கரகரப்பு இல்லை, துருவும் இல்லை. அது அதிர்ஷ்டம். இரண்டு சீலையும் மாற்றினோம். புதியதன் மேல் பழைய சீலையே கவிழ்த்து வைத்துச் சுற்றிவரச் சமமாகத் தட்டினால் சாயாமல் இறங்கும்.

இனிப் பழைய புஷ்களை எடுப்பது. பலர் இறப்பரைக் கொளுத்திவிடுவார்கள். வேகமான வழிதான், ஆனால் அந்தக் கறுப்புப் புகையை அம்மாவின் துணிக்கொடிக்குப் பக்கத்தில் எழுப்பும் துணிவு எனக்கு வரவில்லை. நடுக்குழாயைச் சுற்றி இறப்பரில் துளைகள் போட்டு, குழாயைத் தட்டி எடுத்துவிட்டு, மிச்ச இறப்பரைக் கத்தியால் சுரண்டினேன். வெளியுறை மட்டும் இரும்போடு இரும்பாக உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றது. ஹக்சோ பிளேட்டைச் சட்டத்திலிருந்து கழற்றி, துளைக்குள் விட்டு, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, உறையை நீளவாக்கில் அறுக்க வேண்டும். முதலில் கறுப்புப் பொடி விழும். அது இறப்பரின் மிச்சம். பிறகு மினுங்கும் வெண்பொடி விழும், அது உறை. ஒலி மெல்லிய கிறீச்சிலிருந்து கொஞ்சம் கனமாக மாறும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அறுத்தால் டிஃபின் சொந்த உடம்பை அறுக்கிறோம். ஒரு புஷ்ஷுக்கு முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. கோடு முழுவதும் திறந்ததும் சிறு உளியை வைத்து ஒரு தட்டு. உறை உள்ளே மடங்கி, வாழைச் சருகுபோலச் சுருண்டு வந்தது.

புதியவற்றை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில், மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். உருக்குக் குளிர்ந்தால் சுருங்கும். எவ்வளவு என்றால், 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள உறை 50 பாகை குளிரும்போது 0.03 மில்லிமீற்றர். ஒரு தலைமயிரின் பாதித் தடிப்புக்கூட இல்லை. ஆனால் இறுக்கமாகப் பொருந்தும் பாகத்தில் அந்தப் பாதி மயிர்தான் நேராக இறங்குவதற்கும் கோணலாகக் கடித்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம். துளையை மணல்தாளால் துடைத்து, சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். கிரீஸ் பூசவில்லை, இறப்பரை ஒயிலிலிருந்து காப்பாற்றத்தானே இத்தனை பாடு.

சுத்தியலால் அடித்து இறக்கினால் உறை நசுங்கும். நீண்ட மரையாணி ஒன்று, இரண்டு தடித்த வாஷர், உறையைவிடச் சற்று அகலமான ஓர் இரும்புக் குழாய்த் துண்டு. இவற்றை வைத்து நட்டை முறுக்கி இழுத்து இறக்குவதுதான் வழி. வீட்டில் கிடந்த சாதாரண மரையாணியைப் போட்டேன். பாதி வழியில் மரை உரிந்து நட் வெறுமனே சுற்றியது. புஷ் பாதி உள்ளே, பாதி வெளியே, குளிர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கதிரையில் இருந்த அண்ணை எதுவும் சொல்லவில்லை, சிரட்டைகளைப் பார்த்தார். இறக்கி வைத்த டிஃபின் சொந்த போல்டுகளில் ஒன்று சிரட்டையில் கிடந்தது. உயர்தர உருக்கு, நல்ல மரை, வேண்டிய நீளம். அதை எடுத்து மரைக்கு மட்டும் கிரீஸ் தொட்டு முறுக்க, புஷ் ஒரே சீராக உள்ளே போனது.

இரண்டாவது புஷ்ஷை இறக்கிவிட்டு நான் நெற்றியைத் துடைக்கும்போது மருமகன் கைபேசியை நீட்டினான். கழற்றுமுன் அவன் எடுத்த படம். இந்தப் புஷ்களின் இறப்பரில் பிறைபோல இரண்டு வெற்றிடங்கள் இருக்கின்றன. வெற்றிடம் இருக்கும் திசையில் புஷ் இளகும், மற்றத் திசையில் விறைக்கும். படத்தில் பிறைகள் மேலும் கீழும். நான் இறக்கியதில் இடமும் வலமும். அப்படியே விட்டிருந்தால் டிஃப் ஆட வேண்டிய திசையில் ஆடாமல், ஆடக்கூடாத திசையில் ஆடியிருக்கும். திரும்ப இழுத்து எடுத்து, கால் சுற்றுத் திருப்பி, மீண்டும் இறக்கினேன். மூன்றாவதை இறக்குமுன் அவனே வந்து வெள்ளைச் சோக்குக் கட்டியால் கோடு போட்டுவிட்டுப் போனான்.

கியர்பொக்ஸ் மவுண்டிங் சிறிய வேலை. ஜக்கில் பலகை வைத்துக் கியர்பொக்ஸைத் தாங்கி, நட்டுகளைக் கழற்றிக் குறுக்குச் சட்டத்தை இறக்கினால் மவுண்டிங் கையில் வந்துவிடும். வந்தது மவுண்டிங் மட்டுமல்ல. கிழிந்த இறப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் யாரோ லொறி டயர்த் துண்டு ஒன்றை அளவாக வெட்டி, துளை போட்டு, பிசிறில்லாமல் செருகியிருந்தார்கள். அண்ணை அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கத்தியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து வெட்டியிருக்கிறான். எங்கள் ஆள்தான் எவனோ."

1990களில் பொருளாதாரத் தடைக்குள் வன்னி இருந்தபோது உதிரிப்பாகங்கள் இந்தப் பக்கம் வருவதே அரிது. பெட்ரோல் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடின, கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெட்ரோல். 2002இல் ஏ9 வீதி திறக்கும்வரை புஷ் என்றால் பெரும்பாலும் டயர்தான் என்றார் அண்ணை. தானே எத்தனை வெட்டினேன் என்பதற்குக் கணக்கில்லையாம். அந்தக் கைவேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டயருக்குள் நூல் அடுக்கு இருக்கிறது. அது பாரத்தைத் தாங்கும், அதிர்வை வாங்காது. அதிர்வு வாங்கப்படாத இடத்தில் நட்டுகள் தாமாகத் தளரும். எங்கள் சட்டத்தில் நான்கில் ஒரு நட் விரலாலேயே சுழன்றது. புது மவுண்டிங்கைப் போட்டேன். டயர்த் துண்டை அண்ணை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

டிஃபை ஏற்றிய பிறகு மூன்று போல்டையும் உடனே இறுக்கவில்லை. இறப்பர் உள்குழாயோடு ஒட்டியிருப்பதால், எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் அதன் ஓய்வு நிலை. ஜக் தூக்கிப் பிடித்திருக்கும்போது இறுக்கினால், ஜக்கை எடுத்ததும் இறப்பர் முறுகியபடியே வாழ வேண்டிவரும். மூன்றிலும் நட்டைக் கையிறுக்கத்தில் விட்டு, ஜக்கை இறக்கி, டிஃபைப் பிடித்து நாலு பக்கமும் உலுப்பி, அது தன் பாரத்தில் தானாகத் தொங்கிய பிறகு டோர்க் ஸ்பனரால் திருத்தக் கையேட்டின் அளவுக்கு முடித்தேன். கியர்பொக்ஸ் மவுண்டிங்கும் அப்படித்தான். இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திய பிறகே கடைசி இறுக்கு.

காற்றுத் துவாரத்தைத் துப்புரவாக்கியதோடு விடவில்லை. அதன் வாயில் எரிபொருள் குழாய் ஒன்றைப் பூட்டி, மேலே ஏற்றி, இயந்திர அறையின் பின்சுவரில், தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டினேன். முனையில் ஒரு சின்னஞ்சிறு எரிபொருள் வடிகட்டி, குளவிக்காக. பிறகு ஜிஎல்-5 தரத்து 80டபிள்யூ-90 ஒயிலை நிரப்புத் துளையிலிருந்து வழியும்வரை ஊற்றினேன். ஒன்றரை லீற்றருக்குச் சற்று மேல் பிடித்தது. முழு வேலையிலும் மிக மலிவான பொருள் அந்தக் குழாய்தான்.

மூன்று நாளாயிற்று. பழகிய கராஜ்காரர் ஒரு நாளில் முடிப்பார். குளவிக்கூட்டை அவர் பார்த்திருப்பாரா என்பது வேறு விடயம்.

இந்த மாரியில் உரத்துக்கும் விதைநெல்லுக்குமாக அந்த வாய்க்காலை எத்தனை முறை தாண்டினேன் என்று எண்ணவில்லை. கியர் லீவர் தலையாட்டுவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பழக எனக்குத்தான் சில நாள் பிடித்தது. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் வண்டியைப் பாலை மரத்தடியில் விட்டு, டிஃபின் நிரப்புத் துளையைத் திறந்து சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் தேன் நிறத்தில், தெளிவாக, ஒரு சொட்டு நின்றது.